மூக்குக் கவ்வியும் ஃப்ரீ விசாவும்

வளைகுடாவிலிருந்து தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளை ஓராண்டுக்காவது நிறுத்திவைத்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். குறைந்தபட்சம் பஹ்ரைனைப் பற்றியவற்றை.

தம்மாமிலிருந்து வியாழன் இரவு மன்னர் ஃபஹத் பாலம் வழியாகக் காரில் வருகிறவரும், ஷார்ஜாவிலிருந்து பெருநாள் விடுமுறைக்கு மூன்று நாள் வருகிறவரும், டொரன்டோவிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் ஒரு பகல் இறங்குகிறவரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். பாப் அல் பஹ்ரைன் வளைவு, அதன் பின்னால் சூக், முஹர்ரக்கில் குங்குமப்பூ போட்ட அல்வா, பாலைவனத்தில் ஒற்றையாய் நிற்கும் உயிர் மரம், மச்பூஸ், கடக் சாயா, கடைசியாகக் கடலில் இறங்கி முத்தெடுப்பது. இறுதிப் பத்தியில் தவறாமல் ஒரு வரி வரும்: அசலான உள்ளூர் வாழ்க்கையை ருசித்துத் திரும்பினோம். அந்த ‘உள்ளூர்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

பஹ்ரைனின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர். அமீரகத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அருகில். அப்படியானால் அந்தக் கட்டுரையாளர் நாள் முழுக்கக் கண்டது யாரை? அவருடைய அறையைத் துடைத்தவர் நேபாளி. கடக் ஆற்றிக் கொடுத்தவர் மலப்புரத்துக்காரர். படகில் கயிறு பிடித்தவர் சிட்டகாங்கில் இருந்து வந்தவர். இவர்களில் ஒருவர்கூடக் கட்டுரையில் இல்லை. வாசலில் நின்று புகைப்படத்துக்குச் சிரித்த வெள்ளைத் தோப் அணிந்த முதியவர் மட்டும் இருக்கிறார். பத்து ‘உள்ளூர் அனுபவம்’ என்று எண்ணிப் பார்த்தால் அதில் ஒன்பதை அவருக்குக் கொடுத்தது உள்ளூரில் சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள்.

வெள்ளைக்காரப் பயணி இப்படி எழுதினால் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது. தமிழர் எழுதும்போதுதான் வயிறு எரிகிறது. அவருடைய சித்தப்பாவோ மாமாவோ அதே மனாமாவில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட அறையில் பெட் ஸ்பேஸ் எடுத்து இருபது வருடம் கிடந்திருப்பார். அவர் அனுப்பிய பணத்தில் படித்தவர்தான் இன்று ‘அசல் அரபு வாழ்க்கை’ தேடி வருகிறார்.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. அசல் என்று அவர் தேடும் பொருளே அவ்வளவு அசலும் இல்லை. கடக் நம்முடைய ‘கடக்’தான், இந்திச் சொல். பஹ்ரைன் அரபியில் உருளைக்கிழங்கு ஆலு, மின்விசிறி பங்கா, நேராகப் போ என்பதற்கு ஸீதா. 1965இல் தினார் வரும்வரை அந்தத் தீவின் கடைகளில் புழங்கியது ரூபாய். 1959க்குப் பிறகு அதற்கென்றே இந்திய ரிசர்வ் வங்கி தனியாக அச்சிட்ட வளைகுடா ரூபாய். மனாமா சூக்கின் உள்ளே சிந்தி வணிகர்கள் கட்டிய ஸ்ரீநாத்ஜி கோயிலுக்கு இருநூறு வயது. 2019இல் இந்தியப் பிரதமர் அங்கே போய் அதைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையும் எனக்கு வேண்டாம். ‘இந்த ஊரை நாம்தான் கட்டினோம்’ என்று பொங்கல் விழா மேடையில் சங்கத் தலைவர் பேசுவதும், ‘அசல் உள்ளூர் வாழ்க்கை’ என்று பயணி எழுதுவதும் ஒரே துணியின் இரண்டு பக்கம். கோயில் கட்டிய வணிகரையும் கப்பலில் வந்த முதலாளியையும் எண்ணிக்கொள்வோம். கடன் வாங்கி வந்தவரை இருவருமே எண்ணுவதில்லை.

கடன் என்றேன். முத்துக்கு வருகிறேன்.

முஹர்ரக்கில் முத்துப் பாதை என்று ஒன்று இருக்கிறது. 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வடகடலில் மூன்று சிப்பிப் படுகைகள், பூ மாஹிர் கோட்டையும் அதை ஒட்டிய கரையும், ஊருக்குள் 17 கட்டடங்கள், இவற்றைக் கோக்கும் மூன்றரைக் கிலோமீட்டர் நடை. வணிகரின் மாளிகையும் இருக்கிறது, குளியாளின் சிறிய வீடும் இருக்கிறது. நன்றாகச் செய்திருக்கிறார்கள். 2019இல் ஆகா கான் கட்டடக்கலை விருது முஹர்ரக்குக்குக் கிடைத்தது நியாயம்தான். என் சண்டை அந்தப் பாதையோடு அல்ல. அதில் நடந்துவிட்டு வந்து நம்மவர்கள் எழுதுவதோடு.

அவர்கள் எழுதுவது இவ்வளவுதான்: ஆமையோட்டில் செய்த மூக்குக் கவ்வி, காலில் கட்டிய கல், கழுத்தில் தொங்கும் சிப்பிக் கூடை, வீரம், ஃபிஜிரி பாட்டு. பிறகு தாங்களும் உரிமம் பெற்ற படகில் போய் அறுபது சிப்பிவரை எடுத்துத் திறந்து பார்த்த பரவசம். கிடைத்தது கடுகளவு முத்து, அதற்கு முப்பது படம்.

அந்த மூக்குக் கவ்வியை மாட்டியவன் எப்படிப் படகில் ஏறினான்? சம்பளத்துக்கு ஏறவில்லை. கடனுக்கு ஏறினான். கோடையில் நான்கு மாதம் கடல். புறப்படும் முன் குடும்பத்துக்கு அரிசியும் பேரீச்சையும் வாங்க ஒரு முன்பணம், அதற்கு ஸலஃப் என்று பெயர். பருவத்தின் நடுவில் கைச்செலவுக்கு ஒன்று, கர்ஜிய்யா. குளிர்காலத்தில் வேலையில்லாமல் இருக்கும்போது பட்டினியைத் தள்ள ஒன்று, தஸ்காம். பருவ முடிவில் முத்து விற்ற கணக்கில் இவற்றைக் கழித்து மீதி தருவார்கள். மீதி வருவது அபூர்வம். கணக்கை எழுதியது நகுதா. குளியாளுக்குப் படிக்கத் தெரியாது. நகுதாவும் முத்து வணிகரிடம் கடன்பட்டவர்தான். அந்தச் சொல் நம் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் கப்பல் தலைவனுக்கு வழங்கிய அதே நகுதா. அப்பன் செத்தால் கடன் மகன் தலையில். இதற்கெல்லாம் மேலே, கடனாளியாகக்கூட இல்லாமல் அடிமையாகவே முத்துக் குளித்தவர்களும் வளைகுடா முழுக்க இருந்தார்கள். பஹ்ரைனில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1937இல்.

முக்கியமான விஷயம் ஒரு தாள். ஒரு நகுதாவை விட்டு இன்னொருவரிடம் போக வேண்டுமானால் குளியாள் பழையவரிடம் ‘பர்வா’ என்ற சீட்டு வாங்க வேண்டும். இவனுக்கு என்னிடம் இவ்வளவு கடன் பாக்கி, அல்லது பாக்கி இல்லை, இவன் போகலாம் என்று எழுதித் தருவது. அது இல்லாமல் வேறு படகு ஏற்காது.

வளைகுடாவில் ஒரு வருடமாவது வேலை பார்த்த தமிழருக்கு இதை விளக்க வேண்டுமா? என்ஓசி என்று மூன்றெழுத்தில் நாம் சொன்ன தாள் அதுதான். கஃபீல் எழுதிக் கொடுத்தால் வேறு கம்பெனி, கொடுக்காவிட்டால் இதே கம்பெனி, இல்லையென்றால் எக்ஸிட். பாஸ்போர்ட் அவருடைய மேசை இழுப்பறையில். 1920களில் பிரிட்டிஷார் தலையிட்டு ஒவ்வொரு குளியாளுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் கொடுக்க வைத்தார்கள், கடன் மகனுக்கு இறங்குவதைத் தடுத்தார்கள். வணிகர்கள் அதை எதிர்த்தார்கள். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து தொழிலையே சாய்த்தன. முன்பணம் குறைக்கப்பட்டபோது 1932இல் குளியாட்கள் கலகம் செய்தார்கள். அதே ஆண்டில்தான் ஜபல் துகானில் எண்ணெய் பீறிட்டது. முத்துப் படகு போய் எண்ணெய்க் கிணறு வந்தது, வெளியிலிருந்து கூலிக்கு ஆள் வந்தது, ஆளைக் கட்டிவைக்கும் முறை மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு நின்றது. இதை நான் சொன்னால் மிகை என்பீர்கள். 2009இல் பஹ்ரைனின் தொழிலாளர் அமைச்சரே கஃபாலா முறையை அடிமைமுறையோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். அதன்பின் சில மாற்றங்கள் வந்தன. 2017இல் ஃப்ளெக்ஸி பெர்மிட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், 2022இல் அதை எடுத்துவிட்டு வேறொரு பதிவுமுறை வைத்தார்கள். முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடன் அப்படியே இருக்கிறது. கடன் தொடங்கும் இடம் மனாமா அல்ல, நம் ஊர். இதைச் சொல்லாமல் அரபிகளை மட்டும் திட்டினால் அது யோக்கியமான பேச்சாகாது.

இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும். இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ‘ஃப்ரீ விசா’ என்ற சரக்குக்கு அதைப்போல் பல மடங்கு கொடுத்தாக வேண்டும். புதிய வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: ஃப்ரீ விசா இலவசமும் அல்ல, சுதந்திரமும் அல்ல. பெயருக்கு ஒரு முதலாளி விசா எடுத்துத் தருவார், அவரிடம் வேலை இருக்காது, வெளியே கிடைத்த வேலையைச் செய்துகொண்டு அவருக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் ஓடிப்போனதாகப் புகார். அப்புறம் நீங்கள் கல்லிவல்லி. ‘விட்டுத்தள்ளு’ என்று பொருள்படும் அரபுத் தொடர் எங்கள் ஊரில் காகிதமில்லாத மனிதனுக்குப் பெயராகிவிட்டது. அந்த விசாவை விற்ற இடைத்தரகர் பெரும்பாலும் நம் ஆள்தான். பெரும்பாலும் அடுத்த தெரு.

என் அப்பா மனாமாவில் ஒரு கோல்ட் ஸ்டோரில் 26 வருடம் நின்றார். மளிகைக் கடைக்குப் பஹ்ரைனில் அப்படித்தான் பெயர். நான் பன்னிரண்டு வயதுவரை அங்கே வளர்ந்தேன். முஹர்ரக் சந்துகள் எனக்கு மனப்பாடம். போன குளிர்காலத்தில் போயிருந்தபோது அப்பாவின் பழைய அறைக் கூட்டாளி ஒருவரைப் பார்த்தேன், முதுகுளத்தூர் பக்கம். மனைவியின் எட்டுப் பவுனை அடகு வைத்து வந்தவர். விசா முடிந்து பல வருடமாகிறது. காலையில் கார் கழுவுகிறார், மாலையில் கிடைத்தால் பெயின்ட் வேலை. முத்துப் பாதையின் அருங்காட்சியகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் தங்கியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தீங்களா மாமா என்று கேட்டேன்.

“போகல தம்பி. வாசல்ல சிபிஆர் கேப்பாங்களோன்னு பயம்.”

கேட்கமாட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. ஊருக்குப் போக மன்னிப்புத் திட்டம் வரும் என்று காத்திருக்கிறார். அவர் ஒருவரைப் பற்றித் துயரக் கதை எழுதுவது என் நோக்கம் அல்ல, அதற்கு நம் இலக்கியத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் கேட்பது: அறுபது சிப்பியைப் பற்றி எழுதுகிறவர், அந்தச் சந்தில் இவரைத் தாண்டித்தானே நடந்தார்?

இப்படிப் பேசினால் உடனே மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்.’ சோறு போட்ட நாடு, வாயை மூடு. அந்த நாட்டில் எழுத முடியாதவை உண்டு, தெரியும். அங்கே இருப்பவர் மௌனமாக இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன், நானும் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் சொல்வதில்லை. ஆனால் மௌனம் வேறு, சந்தோஷமாகப் பொய் எழுதுவது வேறு. தவிர, சோறு அங்கே யாரும் இனாமாகப் போடவில்லை. ஜூலை வெயிலில் சாரத்தில் நின்று வாங்கிய சோறு அது.

இரண்டாவது, ‘சுற்றுலா என்பது மனிதன் நாலு நாள் சந்தோஷமாக இருப்பதற்கு, அங்கே போயும் அழ வேண்டுமா?’ இதைச் சொல்லும் ஈழத்து நண்பர்களிடம் மட்டும் ஒரு கேள்வி. 2009க்குப் பிறகு வெளிநாட்டுப் பயணி ஒருவர் காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் விடுதியில் தங்கி, நண்டுக் குழம்பு சாப்பிட்டு, ‘யாழ்ப்பாணத்தின் அசலான அனுபவம்’ என்று எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? உயர் பாதுகாப்பு வலயம் என்று மக்களை வெளியேற்றிய நிலம் அது என்று அவருக்குக் கடிதம் எழுத மாட்டீர்களா? எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். தன் காணியில் பிறர் சிரித்தால் கோபம் வருகிறது, பிறர் முதுகில் தான் ஏறிச் சிரித்தால் அது விடுமுறை.

மூன்றாவதுதான் கொஞ்சம் கனமானது. ‘அப்படியானால் லேபர் கேம்ப்புக்குச் சுற்றுலா போகச் சொல்கிறீர்களா? ஏழ்மையைக் காட்சியாக்குவதா?’ இல்லை. தயவுசெய்து யாரும் கேமராவோடு சல்மாபாதுக்கும் சோனாப்பூருக்கும் போய் நிற்க வேண்டாம். பிரியாணிப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுக்கும் கூட்டம் ஏற்கெனவே ரம்ஜானுக்கு ரம்ஜான் போதிய அளவு வருகிறது. நான் சொல்வது வேறு. பார்க்கிற அதே பொருளைப் பார்க்கும்போது அதன் முழுக் கதையைச் சொல்லுங்கள் என்கிறேன்.

அது முடியாத காரியமும் அல்ல. தோஹாவில், மஷைரிப் பகுதியில், 2015இல் திறந்த பின் ஜல்மூத் இல்லம் என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அடிமைகள் இருந்த வீடு. இந்தியப் பெருங்கடல் முழுக்க நடந்த அடிமை வணிகத்தைக் காட்டிவிட்டு, இன்றைய உழைப்புச் சுரண்டல்வரை அது பேசுகிறது. கத்தார் அரசோடு சேர்ந்த நிறுவனம் நடத்துவது. அதன் நோக்கம் பற்றிச் சந்தேகப்படுகிறவர்கள் படலாம், நானும் கொஞ்சம் படுகிறேன். ஆனாலும் ஒரு வளைகுடா நாடு தன் சுவரிலேயே எழுதிவைத்ததை, அங்கே போய்வந்த தமிழ்ப் பயணக் கட்டுரை ஒன்றிலும் நான் படித்ததில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் சூக் வாகிஃபின் பருந்துக் கடை மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

நம் வீட்டு முத்தையும் விட்டுவைக்க வேண்டாம். கொற்கை என்றதும் பாண்டியன், யவனர், பொன் என்று எழுதுகிறோம். அதே முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, பெரிப்ளூஸ், அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறது. அந்த வரி நம் பாடப்புத்தகப் பெருமையில் ஏறவேயில்லை. மன்னார்ச் சலாபத்தில், மரிச்சுக்கட்டி மணலில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து இரண்டு மாதத்தில் கலைந்த ஓலை நகரத்தில், தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்களும் ஒரே கடலில் இறங்கினார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கு அவரவர் சிப்பியிலிருந்து பங்கு கொடுத்தார்கள். அன்று அவர்கள் இங்கே வந்தார்கள், பிறகு நாம் அங்கே போனோம். முஹர்ரக்கின் குளியாளுக்கும் முதுகுளத்தூர்க்காரருக்கும் இருக்கும் உறவு அந்த மணலிலேயே தொடங்கியது. இதை எழுதுவதற்குத் தமிழைவிடப் பொருத்தமான மொழி வேறு எது? நாமோ அல்வாவின் விலையை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2006 ஜூலைக் கடைசியில் குதைபியாவில் தொழிலாளர் தங்கிய கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து 16 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள், அதில் ஏழு பேர் தமிழர்கள். குதைபியா இன்று நல்ல சாப்பாட்டுத் தெரு. பயணக் கட்டுரைகள் அதைப் பரிந்துரைக்கின்றன, பரோட்டா உண்மையிலேயே நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். 2006ஐப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால் அந்தப் பரோட்டாவின் ருசி குறைந்துவிடுமா?

இரண்டாம் தலைமுறைக்கு இதில் சொந்தக் கணக்கும் ஒன்று இருக்கிறது. மனாமாவிலும் அபுதாபியிலும் பிறந்து, அங்கேயே பள்ளி முடித்து, பதினெட்டோ இருபத்தொன்றோ ஆனதும் அப்பாவின் விசாவிலிருந்து கழன்று கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் இந்த இதழைப் படிப்பவர்களில் ஏராளம். உங்களுக்குக் கோல்டன் விசா வாங்கும் வசதி வந்தால் வரும், வராவிட்டால் பிறந்த ஊருக்கே விசிட் விசாவில் போவீர்கள். போய், விமான நிலையத்தில் சுற்றுலா வரிசையில் நின்று, பாப் அல் பஹ்ரைன் முன்னால் படம் எடுத்து, ‘உள்ளூர் அனுபவம்’ என்று போடுகிறீர்கள். அந்த வளைவுக்குக் கீழே வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர்க்காரர்கள் கூடிக் கடிதமும் காசும் கைமாற்றிக்கொண்டதை நீங்கள் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தவர்கள். உங்களை அந்த நாடு உள்ளூர் என்று எழுதவில்லை, சரி. நீங்களும் ஏன் எழுதவில்லை?

ஆகவே இந்த இதழின் ஆசிரியர் குழுவிடம் கேட்கிறேன். வளைகுடாப் பயணக் கட்டுரை எது வந்தாலும் அடுத்த நான்கு இதழ்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பக்கங்களை வேறொன்றுக்குக் கொடுங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போனவர்கள் கடிதம் எழுதத் தெரியாததாலோ நேரமில்லாததாலோ கேசட்டில் பேசி அனுப்பினார்கள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், மறுபக்கத்தில் தாங்கள் பேசி ஊர் திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். எவ்வளவு கடன் அடைந்தது, எந்த நகை மீண்டது, முதீர் எப்படி, கேம்ப்பில் தண்ணீர் வந்ததா, எல்லாம் அதில் இருக்கிறது. குளியாளின் குரல் ஒன்றும் நமக்கு இப்படிக் கிடைக்கவில்லை, அவன் கணக்கை நகுதாதான் எழுதினான். எங்கள் வீட்டுப் பரணில் பதினோரு கேசட் இருந்தது. நாலில் நாடா ஒட்டிப் போய்விட்டது, ஏழு ஓடுகிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். கீழக்கரை, அதிராம்பட்டினம், காயல்பட்டினம், திருவாடானை, மன்னார், மட்டக்களப்பு, எந்த வீடாக இருந்தாலும் ஈரம் ஏறுவதற்குள் எடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். பேசியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு, இல்லையென்றால் வீட்டாரிடம் கேட்டுவிட்டு, எழுதி அனுப்புங்கள்.